ஐந்து பாயிண்டில் ஒரு வரி

"தெரியுதா?" என்று அவள் யாரையும் கேட்டதே இல்லை. கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்காமல் எப்படிப் பிழைப்பு நடக்கிறது என்று எனக்கு ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. வந்தவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டுவாள், வில்லையைச் சொருகுவாள், கார்டைக் கையில் கொடுத்து "வாசிங்க" என்பாள். வாசிக்கிறவர் பாதியில் நிறுத்தி, "எல்லாம் நல்லாத் தெரியுதும்மா" என்றால், "அது இருக்கட்டும், வாசிங்க" என்பாள். தெரியுதா என்று கேட்டால் மனிதர்கள் தெரியுது என்றுதான் சொல்வார்களாம்.

"கண்ணு தெரியலன்னு சொல்லுததுல என்னட்டி வெக்கம்?" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள். "காது கேக்கலன்னா ‘என்னது?’ன்னு திருப்பிக் கேக்காங்கல்லா. கண்ணுக்கு மட்டும் ஏன் பொய்யி?" பதிலுக்காக அவள் கேட்கவில்லை. இருபது வருடம் அதே தொழிலில் இருந்தும் அந்த ஒரு விஷயம் அவளுக்கு விளங்காமலே இருந்தது, அதில் அவளுக்கு ஒரு சுவாரசியமும் இருந்தது.

தென்காசியில் ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு வரும் வழியில் அவள் கடை. அதே வரிசையில் நாலு கடை தள்ளி நான் டிடிபி சென்டர் வைத்திருந்தேன். பிறகு கணவருக்கு மாற்றலாகிக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். அவளுக்குப் பெயர் உண்டு, ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்கும் யக்காதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சாரல் விழத் தொடங்கினால் அவள் கடையில் ஒரு தனி ரகக் கூட்டம் வரும். குற்றாலத்தில் கண்ணாடியைப் பறிகொடுத்தவர்கள். தோளில் ஈரத்துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வாசம், ஒரு கையை மனைவியோ பிள்ளையோ பிடித்திருக்க, வாசல்படியைக் காலால் தடவிக்கொண்டு வருவார்கள். மதுரைக்கோ விருதுநகருக்கோ காரை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியவர்கள். அக்கா அவர்களுக்காக அனுதாபப்பட மாட்டாள். "எந்த அருவி?" என்று கேட்டு முதலில் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வாள். எதற்கு என்று கேட்டேன். எந்த அருவி அதிகம் கண்ணாடி தின்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றாள். அப்படித் தெரிந்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டதற்கு, ஒன்றும் செய்யப் போவதில்லை என்றாள். மெயின் அருவிதான் முதலிடம். "அங்கனதான் தலையக் குனியாம ராசா கணக்கா நிக்காங்க."

அவள் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்டத்துப் பார்வையைச் சோதிக்க எல்லாக் கண்ணாடிக் கடையிலும் ஒரு கார்டு இருக்கும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சிறுத்து, ஆங்கிலப் பக்கத்தில் கடைசி வரி ஐந்து பாயிண்ட் எழுத்தளவில் முடியும். தமிழை அவ்வளவு பொடியாக அடித்தால் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும், அதனால் தமிழ்ப் பக்கம் அதற்கு முன்பே நின்றுவிடும். மற்ற கடைகளில் கம்பெனிக்காரன் கொடுத்த ஒரே கார்டு ஓரம் கிழிந்து, டேப் ஒட்டி, வருடக்கணக்கில் ஓடும். இவள் மாதத்துக்கு ஒன்று மாற்றுவாள்.

அதற்குக் காரணம் பண்பொழியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர். வருடா வருடம் வருகிறவர். ஆங்கிலப் பக்கத்தைக் கடைசி வரிவரை கணீரென்று வாசித்துவிட்டு எழுந்தவர், வாசல்படி தெரியாமல் இடறிவிட்டார். அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. மறுபடி உட்காரவைத்து, கார்டைத் தலைகீழாகக் கையில் கொடுத்தாள். அவர் அதையும் அதே கணீர்க் குரலில் வாசித்து முடித்தார்.

"புரை முத்திப்போய் நிக்கி. மனுசன் கார்டை மனப்பாடமா ஒப்பிச்சிருக்காரு, நானும் சரி சரின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வரும். "வாய் பொய் சொல்லும், கண்ணும் பொய் சொல்லும், கார்டு சொல்லாதுன்னு இருந்தேன். கார்டையே பொய் சொல்ல வச்சிட்டாரு பாத்தியா."

அன்றிலிருந்து கார்டுக்கு வேண்டியதை அவளே எழுதத் தொடங்கினாள். ஐந்தருவியில் குரங்கிடம் பையைக் கொடுத்துவிட்டு மனைவியிடம் கொடுத்ததாக நினைத்துக்கொண்ட ஆள், பங்குனி உத்திரத்துக்கு வந்து வேறொரு குடும்பத்தோடு வேனில் ஏறிப் போன பெரியவர், இப்படிச் சின்னச் சின்னக் கதைகள். இதில் ஒரு குறும்பு உண்டு. கதை சூடு பிடிக்கப் பிடிக்க எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பெரியவர் என்ன ஆனார் என்பது ஐந்து பாயிண்டில் இருக்கும். கண் சரியில்லாதவர்கள் கார்டை நீட்டியும் கிட்ட வைத்தும் பார்த்துத் தவிப்பார்கள். "அந்தக் கடைசியில என்னதாம்மா போட்டிருக்கு?" என்று கெஞ்சுவார்கள். "கண்ணாடி வந்ததும் நீங்களே வாசிச்சுக்கிடுங்க" என்பாள். புதுக் கண்ணாடியை மாட்டியதும் முதல் வேலையாக அந்த முடிவை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எழுதியதை அச்சடிக்க என்னிடம் வந்தாள். முதல் தடவையே அவளிடம் நான் குட்டு வாங்காத குறை. நான் அடித்துக் கொடுத்ததைச் சட்டைப் பைக்குள் வைக்கும் இரும்பு ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்றாள். பிரிண்டர் பக்கத்துக்கு அடங்கும்படி எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கி அடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகையிலோ கோயில் நோட்டீஸிலோ அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "உனக்கு இது நூலளவு. எனக்கு இது ஒரு ஆளோட பவரு" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்டின் அடியிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடச் சொன்னாள். கார்டு வந்ததும் ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை அளப்பாள். சரியாக இருந்தால் கார்டு சரி.

ஆங்கிலப் பக்கம் டைம்ஸ் என்கிற எழுத்துருவில்தான் இருக்க வேண்டும். இதில் அவளிடம் பேச்சே கிடையாது. எனக்கோ அந்த எழுத்தைக் கண்டாலே எரிச்சல். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதில்தான் கிடப்பேன். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், வக்கீல் மனு, வேலைக்கு விண்ணப்பம், எல்லாம் டைம்ஸ், எல்லாம் பன்னிரண்டு பாயிண்ட். "ஏன் யக்கா, எத்தனையோ அழகு அழகா எழுத்து வந்திருக்கு, இதையே கட்டிக்கிட்டு அழுதீங்க?" என்று கேட்டேன்.

அவள் மேஜை டிராயரைத் திறந்து காட்டினாள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதம், இன்சூரன்ஸ் பத்திரம், பேங்க் கடன் ஒப்பந்தம், பரீட்சை வினாத்தாள், கோர்ட் நோட்டீஸ். எல்லாவற்றிலும் அதே எழுத்து. "மனுசனைப் பயமுறுத்துத காயிதம் பூராவும் இதுலதான் வருது. அதை வாசிக்கத்தான் எங்கிட்ட கண்ணாடிக்கு வாராங்க. அப்போ எதுல சோதிக்கணும்?"

அந்த எழுத்தின் உடம்பு அவளுக்கு அத்துப்படி. லண்டனில் ஒரு செய்தித்தாளுக்காகச் செய்தது என்று எங்கோ படித்திருந்தாள். குறுகலான பத்தியில் நிறையச் சொல் அடங்க வேண்டும், வாசிக்கிறவன் கண்ணும் நோகக் கூடாது. "மூணு பேரு சீட்டுல நாலு பேரு உக்காந்தும் ஒருத்தன் முட்டி ஒருத்தன இடிக்கல பாரு" என்பாள். எழுத்தில் நிற்கிற ஒவ்வொரு குச்சிக்கும் அடியில் சின்னதாக ஒரு பாதம் உண்டு. அந்தப் பாதங்கள் வரிசையாக நிற்பதால்தான் கண் வழுக்காமல் வரியோடு போகிறது என்பது அவள் கட்சி. ஒருவர் c-யை o என்று வாசித்தால் ஒரு குறிப்பு எழுதுவாள். வார்த்தையின் முதல் எழுத்தை விழுங்கினால் வேறு குறிப்பு. e-யைத்தான் அதிகம் கவனிப்பாள். அதற்குள் இருக்கும் சின்ன ஓட்டை ஒருவருக்கு எந்த வரிவரை திறந்து தெரிகிறது என்பதில் பாதி வைத்தியம் முடிந்துவிடும் என்று சொல்வாள்.

அந்த வருடம் ஆனி மாதக் கார்டுக்கு அவள் எழுதிக் கொடுத்தது நீளமாகப் போய்விட்டது. பழைய குற்றாலத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட புதுமணத் தம்பதி தென்காசிக்கு நடந்து வந்த கதை. ஆறு பாயிண்ட் வரியும் ஐந்து பாயிண்ட் வரியும் கார்டில் அவற்றுக்கு இருந்த கட்டத்துக்கு வெளியே வழிந்தன. ஒரு வார்த்தையைக் குறைக்கச் சொன்னாலும் முகம் தூக்கிக்கொள்வாள். அளவைக் குறைத்தால் ஸ்கேல் வந்துவிடும். கடையில் வேறு மூன்று பேர் புராஜெக்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நான் அந்த இரண்டு வரிக்கு மட்டும் வேறொரு எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். பழைய பிரெஞ்சு எழுத்துரு ஒன்று. அதற்கும் பாதம் உண்டு, ஆனால் ஆள் கொஞ்சம் ஒல்லி. அதே ஆறு, அதே ஐந்து. கதை கச்சிதமாகக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. டைம்ஸைவிட லட்சணமாகவும் இருந்தது. இத்தனை பொடியில் யாருக்கு வித்தியாசம் தெரியப் போகிறது என்று நினைத்தேன். உண்மையில் அப்படி நினைக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா பத்து சென்டிமீட்டர் கோட்டை அளந்தாள். சரி என்றாள். ஆடி மாதக் கார்டை அதே ஃபைலைக் காப்பி எடுத்து, வார்த்தைகளை மட்டும் மாற்றி அடித்தேன். ஆவணியும் அப்படித்தான். ஒரு தடவை செய்த ஃபைலைத்தானே எல்லா டிடிபிக்காரர்களும் மாற்றி மாற்றி அடிக்கிறோம்.

சீசன் உச்சத்தில் இருக்கும்போது அக்கா ஒரு நாள் டீயோடு வந்து என் கடையில் உட்கார்ந்தாள். "ஒரு அதிசயம் பாத்தியாட்டி? வாரவுகளுக்கு எல்லாம் எதிர்பார்த்ததைவிட ஒரு படி பவர் ஏறுது. இங்கிலீஷ் பக்கம் வாசிக்கவுகளுக்கு மட்டும். தமிழ்ப் பக்கம் வாசிக்கவுகளுக்கு ஒண்ணுமில்ல. மொபைலா இருக்குமோ?"

"இங்கிலீஷ் படிச்சாக் கண்ணு கெடும்னு ஒரு போர்டு வையுங்க யக்கா, நானே அடிச்சுத் தாரேன்" என்றேன். இருவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஆவணி முடிகிற சமயம் அவள் கடையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கண் பரிசோதனை இல்லை, கண்ணாடி மட்டும் கிடைக்கும் என்று கையால் எழுதியிருந்தாள். என்னிடம் அடிக்கக் கொடுக்காமல் அவள் எழுதி ஒட்டிய முதல் தாள் அதுதான். போய்க் கேட்டேன். "இங்கன வேண்டாம். ஞாயித்துக்கிழமை குத்தாலத்துக்குப் போவோம், வா" என்றாள்.

பழைய குற்றாலத்தில் தண்ணீர் சுமாராக விழுந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்திருந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றி டப்பாவில் போட்டுப் பையில் வைத்தாள், ஆனால் குளிக்கப் போகவில்லை. படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"கடையைக் குடுத்துரலாம்னு இருக்கேன்ட்டி. மதுரைக்காரங்க ஒருத்தங்க எடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்."

"என்ன யக்கா திடீர்னு?"

"நான் எழுதின கார்டை எனக்கே வாசிக்க முடியல. கடைசி ரெண்டு வரி. ஆனி மாசத்துலருந்து இப்படி. பவரை ஏத்திப் பாத்தேன், எறக்கிப் பாத்தேன். e-க்குள்ள இருக்க ஓட்டை மூடித் தெரியுது. a-யோட வயிறு நசுங்கித் தெரியுது."

பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் பிரெஞ்சு எழுத்தின் e எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குறுக்குக் கோடு உயரத்தில் ஏறி, மேலே ஒரு பொட்டு இடம்தான் மிச்சம் இருக்கும்.

"டாக்டர்ட்ட காட்டலாம்லா?" என்றேன்.

"காட்டணும். திருநவேலியில அடுத்த வாரம் ஸ்கேனுக்குச் சொல்லிருக்கு. ஆனா எனக்குத் தெரியும். எங்கம்மாவும் இப்படித்தான் ஆரம்பிச்சா. எழுத்தெல்லாம் நசுங்குதுன்னா. அப்புறம் கண்ணுக்கு நடுவுல இருக்க பார்வை பூராவும் போயிட்டு. ஓரத்துல மட்டும் தெரியும். என்னைப் பாத்தா மொகம் இருக்காது, காது ரெண்டும் இருக்கும். கம்மலை மாத்துதா இருந்தாச் சொல்லிட்டு மாத்துட்டின்னுவா."

அவள் கை அவளை அறியாமல் காதைத் தொட்டுக்கொண்டது. நான் எப்படியோ வாயைத் திறந்தேன். "கார்டுல ஏதும்…"

"கார்டுலயா? நீ அடிச்ச கார்டுல்லா" என்றாள். "கோட்டை மூணு தடவை அளந்தேன். கார்டு சரியாத்தான் இருக்கு. நாந்தான் சரியில்ல. டார்ச்சு அடிச்சு அடுத்தவன் கண்ணைப் பாக்குத கண்ணு இது. இதை வச்சுக்கிட்டு இனி எப்படிட்டி ஒருத்தருக்குப் பவர் எழுதுதது?"

எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே தெரியுது என்று சொன்னபோது நம்பாதவள், ஒரு காகிதத் துண்டை நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதத்தை அடித்த நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கிளம்பும்போது அவளே சொன்னாள். "வெள்ளிக்கிழமைக்கு முந்தி ஒரு தடவை ஒழுங்காச் சோதிச்சுக்கிடணும். நான் எழுதினா மனப்பாடம் வந்துரும், எனக்கே நான் பொய் சொல்லிருவேன். இந்தக் கார்டுக்கு நீ எழுது. என்ன எழுதுதன்னு எங்கிட்ட சொல்லாத."

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் ஃபைலைத் திறந்தேன். ஒரே வாக்கியத்தை இரண்டு எழுத்திலும், ஐந்து பாயிண்டில், ஒன்றன் கீழ் ஒன்றாக அடித்துப் பார்த்தேன். பிரெஞ்சு எழுத்து கண்ணுக்குத் தெரியச் சின்னதாக இருந்தது. கம்ப்யூட்டரில் நாம் போடுகிற எண் எழுத்தின் உயரம் அல்ல, எழுத்து குடியிருக்கிற பெட்டியின் உயரம். அதே பெட்டிக்குள் டைம்ஸ் நடுப்பகுதியான வயிற்றைப் பெரிதாக வைத்துக்கொண்டு கால்களைச் சுருக்கிக்கொள்கிறது. மற்றது தலையையும் காலையும் தாராளமாக நீட்டிவிட்டு வயிற்றைச் சுருக்கிக்கொள்கிறது. நாம் வாசிப்பது அந்த வயிற்றைத்தான். இத்தனை வருடம் இதே வேலை செய்தும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை என்று சொல்ல முடியாது. தெரியும். அவள் கார்டோடு அதைச் சேர்த்து யோசிக்கவில்லை.

நாலு கடைதான் தூரம். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று பயந்தேன். ஒருவேளை அவள் கண்ணும் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தால், நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கினதாகிவிடுமே என்றும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்த இரண்டாவது காரணம் முதல் காரணத்தை மூடுவதற்காக நான் தேடிக்கொண்டது. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் அப்படிப் போனது. புதன்கிழமை கார்டை எழுதினேன். முழுவதும் டைம்ஸில் அடித்தேன். கோட்டை நானே அளந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா கடைக் கதவைச் சாத்திவிட்டு, சோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் அவளை நான் பார்த்ததே இல்லை. தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவள் முக்காலியில் நான் உட்கார்ந்து கார்டைக் கொடுத்தேன். விளக்கைச் சரிசெய்துகொண்டு, வந்தவர்கள் எல்லோரும் வாசிப்பதுபோலவே சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக வாசிக்கத் தொடங்கினாள். நான் எழுதியது பள்ளிக்கூட ஆங்கிலம். தமிழில் சொன்னால் இதுதான்.

"தென்காசியில் ஒரு கண்ணாடிக் கடை இருந்தது." இது பதினெட்டு பாயிண்ட். "அதற்குக் கார்டு அடித்துக் கொடுத்தவள் தன்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்." இது பதினாலு. அக்கா லேசாகச் சிரித்தாள். "ஆனி மாதம் அவளுக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை." இது பத்து.

எட்டு பாயிண்டில் அவள் குரல் மெதுவானது. "அதனால் கடைசி இரண்டு வரிக்கு மட்டும் வேறு எழுத்தைப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை." கார்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நடுவில் நிறுத்துகிறவர்களை நிறுத்தவிடாமல் வாசிக்கவைத்த பழக்கம் அவளையே வாசிக்கவைத்தது. "அந்த எழுத்து அதே எண்ணில் சின்னது. மூன்று மாதக் கார்டும் அப்படித்தான்." இது ஆறு.

அதன் பிறகு நின்றாள். மிச்சம் இருந்தது ஐந்து பாயிண்டில் ஒரே ஒரு வரி. அவளால் அதை வாசிக்க முடியாவிட்டால் அந்த வரியில் நான் எழுதியிருப்பது பொய். எடுத்துக் கொடுக்கவும் கூடாது. என் முழங்காலை நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கார்டை அவள் கிட்டே கொண்டுவரவில்லை, தள்ளியும் பிடிக்கவில்லை.

"அக்கா, உங்கள் கண்ணில் ஒன்றுமில்லை. தப்பு என்னுடையது."

ஒரு எழுத்தும் தட்டாமல் வாசித்தாள். பிறகு அதையே இன்னொரு தடவை, சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய வாசித்தாள். கார்டை மேஜைமேல் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

"குத்தாலத்துலயே உனக்குத் தெரியும், என்ன?"

"ஆமாக்கா."

"நாலு நாளு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இந்த நாலு நாளும் வீட்டுல கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகினேன்ட்டி. அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும். எத்தனை எட்டுன்னு எண்ணி வச்சிருக்கேன்."

நான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும். எழுந்துபோய் ரிஜிஸ்டரை எடுத்துவந்து ஆனி மாதப் பக்கத்தைத் திறந்தாள். ஆங்கிலப் பக்கம் வாசித்தவர்களின் பெயருக்கு எதிரே சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். மூன்று மாதத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மதுரைக்காரர்களுக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்டேன். "அவங்க கெடக்காங்க. மொதல்ல இவங்க" என்றாள்.

முதல் எண்ணை அவளே போட்டாள். கடையநல்லூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். "அண்ணாச்சி, கண்ணாடிக் கடையிலருந்து பேசுதேன். உங்களுக்குப் பவர் எழுதுனதுல தப்பு நடந்துபோச்சு. ஒரு எட்டு வாங்க, திரும்பப் பாத்து மாத்தித் தாரேன்." யார் செய்த தப்பு என்று சொல்லவில்லை. அவர் ஏதோ கேட்டார். "தப்புத்தான் அண்ணாச்சி" என்று மட்டும் மறுபடி சொன்னாள்.

போனை என் கையில் கொடுத்தாள். "அடுத்தது நீ பேசு. தப்பு நடந்துட்டு, வாங்க, மாத்தித் தாரோம். அவ்வளவுதான். எழுத்து, பாயிண்டுன்னு காரணம் ஒண்ணும் சொல்லப்படாது."

அடுத்த பெயர் இலத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிற டீச்சர். எனக்கு அவரைத் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு, அக்கா சொன்ன மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்படியாம்மா" என்றார் டீச்சர். "அதைப் போட்டா எனக்குத் தரை ஏறி எறங்கித் தெரியுது. பள்ளிக்கூடத்துப் படியில ரெண்டு தடவை தடுமாறிட்டேன். சாயங்காலமானாத் தலைவலி. அக்கா பாத்துக் குடுத்ததுல்லா, அது தப்பா இருக்காது, எனக்குத்தான் பழகலன்னு நெனச்சுப் போட்டுக்கிட்டே இருக்கேன்."

அக்கா எட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"டீச்சர், நாந்தான் பேசுதேன். இப்போ அதைப் போட்டிருக்கீங்களா?"

"போட்டுத்தாம்மா இருக்கேன்."

"கழட்டுங்க. இப்பமே கழட்டி டப்பாவுல வைங்க."

எதிர்ப்பக்கம் கண்ணாடி டப்பா மூடுகிற சத்தம் கேட்கும்வரை அவள் போனை வைக்கவில்லை.